வெள்ளை ரப்பர் பல்லி

உள்ளிப்பூடு மணக்கிறது. சுற்றிவரத் தண்ணீர், கரையெல்லாம் பைன் மரம், காலை ஒன்பது மணி வெயில், இதற்குள் உள்ளி எங்கேயிருந்து வந்தது என்று முதலில் என் கைகளைத்தான் மணந்து பார்த்தேன், எது மணத்தாலும் என் கையைச் சந்தேகிப்பது பதினான்கு வருசப் பழக்கம். கையில் இருந்தது நேற்று கடையில் வெட்டிய பாரை மீனின் மணம், தேசிக்காய் போட்டுத் தேய்த்த பிறகும் நகத்தோரம் மிஞ்சிய கொஞ்சம், அதை எனக்குத் தெரியும், அதில் எனக்கு அருவருப்பில்லை. உள்ளி வந்தது நிருபனின் தூண்டில் பெட்டியிலிருந்து. ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து, வெள்ளையாக ஒன்றை இரண்டு விரலால் தூக்கி, என் மூக்குக்கு நேரே கொண்டுவந்தான். ரப்பர் பல்லி. நாலு கால், நீண்ட வால், காற்றுப் பட்டாலே நடுங்குகிற உடம்பு. உள்ளியும் உப்பும் சேர்த்துச் செய்கிறார்களாம், வாயில் எடுத்த மீன் கெதியாகத் துப்பாதாம், மணந்து பாருங்கோ ஆன்ரி என்றான். நல்ல மணம் தம்பி என்று சொல்லிச் சிரித்தேன். ஏன் சொன்னேன். ஏன் சிரித்தேன். காலையில் குடித்த தேத்தண்ணி புளித்துக்கொண்டு மேலே வருகிறது, முகம் தன் பாட்டுக்குச் சிரிக்கிறது, இருபத்தாறு வருசம் ஒரு மனுசனோடு குடும்பம் நடத்திய முகம், என்னைக் கேட்காமலே அதற்குச் சிரிக்கத் தெரியும். வாயால் நிருபனை அவர் இவர் என்றுதான் சொல்கிறேன், மனசுக்குள் எப்போது அவன் ஆனான் என்று தெரியவில்லை. செப்டம்பரில் என் மகள் சாரங்கியைக் கட்டப்போகிறவன். மண்டபம் எடுத்தாயிற்று, கூறைக்குச் சொல்லியாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க ஆன்ரியையும் கூட்டிக்கொண்டு போவம், அவ வீட்டுக்கும் கடைக்கும்தானே திரியிறா என்று அவனாகத்தான் சொன்னானாம். நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொன்னேன்.

போட் என்றபோது ஏதோ மரத்தோணி மாதிரி ஒன்றை நினைத்திருந்தேன். இது உடம்பெல்லாம் சிவப்பு மினுக்கம் தூவிய, தட்டையான, நீண்ட சாமான், கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட பெட்டகம் மாதிரி. பின்னால் தொங்குகிற பெரிய எஞ்சினில் வந்தபோது என் கன்னத்துத் தோல் காதுவரைக்கும் போனது. இப்போது அதை நிறுத்திவிட்டு, முன்னால் ஒரு சின்ன மின்சார மோட்டரைத் தண்ணீருக்குள் இறக்கி, அதைக் காலால் மிதித்து மிதித்துச் சத்தமில்லாமல் நகர்த்துகிறான். தரையில் பதினொரு தூண்டில் தடிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு என்று அவன் எனக்குப் பாடம் எடுக்கிறான், நானும் ஓம் ஓம் என்கிறேன். யூலையில் மீன் களைக்குள் ஒதுங்குமாம், அப்போது ரப்பர் தவளையைக் களைக்கு மேலால் துள்ளத் துள்ள இழுக்கவேண்டுமாம். ஆகஸ்டில் சூடு தாங்காமல் இருபதடி ஆழத்துக்கு இறங்கிவிடுமாம், அதற்குப் பாரம் கட்டிய புழு. இலை கொட்டத் தொடங்கினால் குளிருக்கு முதல் வயிறு நிரப்பச் சின்ன மீன்களைத் துரத்தித் திரியுமாம், அப்போது தகடு சுழலுகிற தூண்டில். அப்ப இந்த மே மாதத்தில் என்ன செய்யும் தம்பி என்று, ஏதாவது கேட்கவேண்டுமே என்பதற்காகக் கேட்டேன். இப்போதுதான் வலு சுகம் ஆன்ரி, இப்போது கூட்டில் இருக்கும், ஓடாது என்றான். சாரங்கி நடு இருக்கையில் இருந்துகொண்டு, யூன் மாதம் மூன்றாம் சனி வரைக்கும் பாஸ் மீன் பிடிக்கக்கூடாதெல்லோ நிரு என்று மெல்லச் சொன்னாள். ஆராவது கேட்டால் நாங்கள் சன்ஃபிஷ்தான் பிடிக்கிறோம் என்று சொல்லுவோம், பிறகு விடத்தானே போகிறோம் என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "சாரு சட்டமெல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறா ஆன்ரி. எண்டாலும் ஒரு பாஸ் எடுக்க அவவுக்கு ரெண்டு தரம் எறியவேண்டி வந்திட்டுது" என்றான்.

பகிடி எனக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. மீனும் பாஸ், சோதினையில் எடுப்பதும் பாஸ், மருந்தாளர் சோதினை. சாரங்கி முதல் தரம் நாலு புள்ளியில் விட்டுவிட்டாள், அது அவளுடைய அப்பா செத்து ஆறு கிழமையில் எழுதிய சோதினை. இரண்டாம் தரம் எடுத்துவிட்டாள், இப்போது வெள்ளை மேற்சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்கிறாள், பெயர்த் தகடு குத்தியிருக்கிறாள். அந்த நாலு புள்ளி அவளுக்கு எங்கே நோகும் என்று எனக்குத் தெரியும். இவனுக்கும் தெரிந்திருக்கிறது. அவள் சிரித்தாள். உதடு மட்டும் இழுபட்ட ஒரு சிரிப்பு, அது என்னுடைய சிரிப்பு, நான்தான் அவளுக்குக் கொடுத்தது, பால் கொடுத்த மாதிரிக் கொடுத்தது. சும்மா ஒரு பகிடி என்று நினைத்துக்கொண்டேன். மலர், சும்மா ஒரு பகிடிதானே. இது என் புருசன் தில்லைநாதனுடைய குரல். செத்து நாலு வருசமாகியும் சமயம் பார்த்து வருகிற குரல்.

ஒரு குடாவுக்குள் வந்திருக்கிறோம். தண்ணீர் மூன்றடிகூட இருக்காது, அடி தெரிகிறது. அவன் ஒரு கறுப்புக் கண்ணாடியை எனக்குப் போடத் தந்தான். போட்டதும் தண்ணீரின் பளபளப்புப் போய் உள்ளே எல்லாம் திறந்துகொண்டது, சேறு, விழுந்த மரக்கிளை, போன வருசத்து நாணல். அங்கை பாருங்கோ என்று கை காட்டினான். மண்ணிறமான சேற்றுக்கு நடுவில் பெரிய தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டம் வெளிச்சமாக இருந்தது, யாரோ விளக்குமாற்றால் கூட்டிய மாதிரி, சின்னக் கல்லெல்லாம் தெரியக் கழுவிய மாதிரி. அதற்கு மேலே கரும்பச்சையாக ஒரு மீன், அசையாமல். அசையாமல் என்றில்லை, செட்டை மட்டும் விசிறிக்கொண்டிருந்தது. அதுதான் ஆண் என்றான். பெண் முட்டையைப் போட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடுமாம். ஆண்தான் வாலால் கூட்டித் துடைத்துக் கூடு கட்டி, முட்டை பொரித்துக் குஞ்சு கொஞ்சம் வளரும் மட்டும் காவலாம். அந்த நாட்களில் சாப்பிடாதாம். தூரத்தில் சுற்றிச் சுற்றிச் சின்ன மீன்கள், வயிறு செம்மஞ்சளாக, உள்ளங்கை அகலத்தில். அதுகள்தான் சன்ஃபிஷ், கள்ளர், இது ஒரு நிமிசம் விலகினால் போதும் அதுகளுக்கு என்றான். நான் மீனோடு வேலை செய்கிறவள். ஒரு நாளைக்கு நூறு மீன் வெட்டுவேன், செதில் உரித்து, செவுள் பூ எடுத்து, குடலைக் கிள்ளி, முள்ளுச் சீவி. கடைக்காரருக்குச் சனிக்கிழமையில் நான் இல்லையென்றால் கை உடைந்த மாதிரி. நிருபனின் அம்மா மட்டும் தன்னுடைய ஆட்களிடம் மலர் சுப்பர்மார்க்கெட்டில் பொறுப்பாக இருக்கிறா என்று சொல்லி வைத்திருக்கிறா, எதற்குப் பொறுப்பு என்று சொல்வதில்லை. இத்தனை மீன் வெட்டியும் உயிரோடு ஒரு மீன் தன் வீட்டைக் காத்து நிற்பதை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பசியில்லாத மீன் எப்படித் தம்பி கடிக்கும் என்று கேட்டேன். இப்போது கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை.

அவன் திரும்பி, ஆசையாக, நல்ல கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்க்கிற வாத்தியார் மாதிரிச் சொன்னான். "அது பசியிலை கடிக்கிறேல்லை ஆன்ரி. கோவத்திலை கடிக்கும். கோவம் வருமட்டும் நாங்கள் சீண்டவேணும், அவ்வளவுதான்."

வெள்ளைப் பல்லியை எறிந்தான். கூட்டுக்கு அப்பால் விழுந்தது. மெல்ல மெல்ல இழுத்துக் கூட்டுக்கு நடுவில் நிறுத்தினான். வெள்ளை நிறம் மீனுக்கில்லையாம், எங்களுக்காம், எங்கே இருக்கிறது என்று நாங்கள் பார்க்க. தடியின் நுனியை விரலால் தட்டினான், பல்லி வாலை ஆட்டியது. மீன் வந்து பார்த்தது, மூக்கால் தள்ளியது, விலகிப்போனது. எடுத்து மறுபடி எறிந்தான். அதே இடம். தட்டினான். மீன் அதை வாயால் தூக்கி வெளியே கொண்டுபோய்த் துப்பியது, கடிக்கவில்லை, குப்பையை எடுத்துப் போடுகிற மாதிரிப் போட்டது. பாத்தியளோ எவ்வளவு பொறுமை என்று அவன் சிரித்தான். மறுபடி. அதே இடம். மறுபடி. நான் எண்ணவில்லை, எண்ணினது என் வயிறு, ஒவ்வொரு தரமும் ஒரு முறுக்கு. மீனின் நிறம் மாறுகிறது, பாருங்கோ, கறுக்குது, சூடாகிட்டார் ஐயா என்று அவன் சொல்லும்போது எனக்கு ஒரு சொல் ஞாபகம் வந்தது. சிக்கின். அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது. சிக்கின், சிக்கின். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய், நான் கிச்சினில் வேலை செய்வேன் என்று சொல்ல வாய் தடுமாறி, நான் சிக்கினில் வேலை செய்வேன் என்று சொல்லிவிட்டேன். அன்று பின்னேரம் தில்லைநாதனிடம் நானே சொல்லிச் சிரித்தேன். அதுதான் நான் விட்ட பிழை, சொன்னது. அவர் அதைப் பன்னிரண்டு வருசம் வைத்திருந்தார்.

தில்லைநாதன் ஒருநாளும் கை நீட்டினதில்லை. அதை நான் சொல்லவேண்டும், எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன், எனக்கும் சொல்லியிருக்கிறேன். குடிக்கவில்லை, கத்தவில்லை, சம்பளத்தை ஒளிக்கவில்லை. தங்கமான மனுசன் என்று செத்தவீட்டில் முந்நூறு பேர் சொன்னார்கள். வீட்டுக்கு ஆர் வந்தாலும் மலர் சிக்கினுக்குள்ளை நிக்கிறா என்பார், அவ்வளவுதான். முதல் தரம் வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி. சாரங்கியின் எட்டாவது பிறந்தநாளுக்கு வீடு நிறையச் சனம். நான் விடிய நாலு மணிக்கு எழும்பி நூற்றிருபது ரோல்ஸ் சுற்றிப் பொரித்தேன். அன்று மூன்று தரம் சொன்னார். முதல் தரம் வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவர்களிடம். இரண்டாம் தரம் கேக் வெட்டும்போது. மூன்றாம் தரம் நான் தட்டோடு வரும்போது, என் தங்கையின் புருசனிடம், வேண்டுமென்று குரலைத் தாழ்த்தி, எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் தாழ்த்தி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சொன்ன ஆளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார், வருகிறதா வருகிறதா என்று. நான் தட்டை நிலத்தில் அடித்தேன். ரோல்ஸ் எல்லாம் உருண்டு சோபாவுக்குக் கீழே போனது. அவர் தோளைக் குலுக்கி, பாத்தியளோ, நான் இதோடைதான் சீவிக்கிறன் என்றார். அப்போதுதான் சாரங்கி ஓடினாள். சட்டை நிறையக் கேக் க்ரீமோடு, என்னைத் தாண்டி, அவருடைய மடிக்கு. அன்றிலிருந்து சொந்தத்துக்குள் நான் கோபக்காரி மலர். தில்லைநாதன் பாவம். இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் அந்த மனுசன் சமாளிக்குதோ என்று என் காதுபடவே சொன்னார்கள். கொஞ்சக் காலத்தில் நானும் அதை நம்பிவிட்டேன். நம்புவது சுகம், நம்பினால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இருக்கலாம்.

தண்ணீர் வெடித்தது. கடித்துவிட்டது. தடி வளைந்து நிற்க, நிருபன் வாயைத் திறந்து சிரித்தான், மீன் மேலே பாய்ந்து தலையை உதறியது, செவுளுக்குள் சிவப்புத் தெரிந்தது. ஒரு நிமிசம்கூட இல்லை. கீழுதட்டில் பெருவிரலை விட்டுத் தூக்கினான், வாய் அகல விரிந்து தொங்கியது, அந்த வாய்க்குள் வெள்ளைப் பல்லி. மூன்றரை இறாத்தல் இருக்கும் என்றான். அதன் மூக்கில் முத்தம் கொடுத்தான். என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் கண்ணைத் தண்ணீருக்குத் திருப்பினேன், திருப்பியிருக்கக் கூடாது. செம்மஞ்சள் வயிறுகள் எல்லாம் கூட்டுக்குள் இறங்கியிருந்தன. எல்லாப் பக்கத்தாலும், தலை கீழாக, வாலை மேலே வைத்து, கோழிகள் மாதிரிக் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு கல், அடுத்த கல். சத்தமே இல்லை. கெதியா விடுங்கோ தம்பி என்றேன். விடுவேன் ஆன்ரி, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிட்டு விடுவேன் என்று, போட்டின் பின்பக்கத்தில் மூடி திறந்து ஒரு தொட்டிக்குள் போட்டான். அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்குமாம், மீனுக்கு ஒன்றும் ஆகாதாம். மீனுக்கு ஒன்றும் ஆகாது. சரி. எனக்கு வாய்க்குள் எச்சில் நிரம்பியது, துப்ப இடமில்லை, விழுங்கினேன். இவ்வளவுக்கும் இவன் ஒரு பிழையும் செய்யவில்லையோ என்று ஒரு பயம். ஊரெல்லாம் செய்கிற பொழுதுபோக்கு, பிடித்துவிட்டு விடுகிற விளையாட்டு, நான் என் புருசனை வைத்துக்கொண்டு மற்ற ஆம்பிளைகளை அளக்கிறேனோ. என் கண்ணில்தான் பூ விழுந்திருக்கிறதோ. கலியாணத்தைக் கெடுத்தவள் தாய்தான் என்று நாளைக்குச் சொன்னால், அதை முதலில் நம்பப்போவது சாரங்கி.

அவன் அடுத்த கூட்டைக் கண்டுவிட்டான், முதல் கூட்டிலிருந்து முப்பதடி தள்ளி. இந்தத் தரம் தடியைச் சாரங்கியிடம் நீட்டினான். அவள் வேண்டாம் என்றாள். பிடி என்றான். எனக்கு விருப்பமில்லை நிரு, அதைப் பார்க்கப் பாவமாயிருக்கு என்றாள். பாவமில்லை, பயம் என்றான். எனக்குப் பயமில்லை. பயம்தான், முதல் தரம் விட்டிடுவன் எண்டு பயம், பரவாயில்லைச் சாரு, உமக்கு எப்பவும் ரெண்டாவது தரம் இருக்குத்தானே. சிரித்துக்கொண்டு சொன்னான், அன்பாக, குரலில் சர்க்கரை போட்டு. தடியை அவளுடைய மடியில் வைத்தான். அவள் எடுத்து ஓரமாக வைத்தாள். மறுபடி மடியில் வைத்தான். ஆன்ரி, உங்கட மகள் வீட்டிலை எப்பிடி, கரண்டியையும் ரெண்டு தரம்தான் பிடிப்பாவோ என்றான், என்னிடம் கேட்டாலும் கண் அவளிடம். வருகிறதா. வருகிறதா. எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும். வாயைத் திற மலர், ஏதாவது சொல்லு, பேச்சை மாற்று, சாப்பாடு எடுக்கவோ என்று கேள். சாரங்கியின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டு வந்தது. வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக அவன் சொன்னான், அங்கிள் இருந்திருந்தால் முதல் தரமே பாஸ் பண்ணியிருப்பீர் என்ன, பாவம் அங்கிள், உமக்கொரு சாக்குத் தரத்தான் கெதியாப் போயிட்டாரோ என்று.

அவள் கத்தினாள். என் பிள்ளை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை, வாய்க்குள் இருந்து வராமல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது, நிறுத்து நிறுத்து நிறுத்து என்று. தடியை எடுத்து எறிந்தாள், அது போட்டின் முன்கண்ணாடியில் பட்டுத் தண்ணீருக்குள் போனது. கரையில் ஒரு கொட்டேஜின் முற்றத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி நின்று பார்த்தார். நிருபன் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு ஃபோனை எடுத்தான், எடுத்து அவளுக்கு நேரே பிடித்தான். கலியாண வீட்டில் பெரிய திரையில் போடவேண்டும் என்றான். என் பக்கம் திரும்பி, "பாத்தியளோ ஆன்ரி, நான் இதைத்தான் கட்டப்போறன்" என்றான்.

அருவருப்பு என்பது வயிற்றில் வருவது என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன். இது கையில் வந்தது. நான் எழும்பி, போட் ஆட ஆடப் பின்னால் போய், அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். ஆன்ரி, கவனம், வழுக்கும், விரலைக் குத்தும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்க, இரண்டு கையையும் விட்டு, ஒரு கை வயிற்றுக்குக் கீழே, ஒரு கை வாலடியில், ஒரே பிடியில் எடுத்தேன். பதினான்கு வருசம் செத்த மீன் பிடித்த கை, அதற்கு உயிருள்ளதும் வழுக்கவில்லை. குனிந்து தண்ணீருக்குள் வைத்து விட்டேன். அது ஒரு கணம் என் கைக்குள்ளேயே மூச்சு வாங்கியது, பிறகு நேரே, எங்கும் திரும்பாமல், தன் கூட்டுக்குப் போனது. கள்ளர்கள் கலைந்தார்கள். வட்டம் முந்தியைவிட வெளிச்சமாக இருந்தது, கல்லெல்லாம் வெறும் கல். மீன் அதற்கு மேலே நின்று செட்டையை விசிறியது. ஒன்றுமில்லாத கல்லுக்கு மேலே விசிறிக்கொண்டே நின்றது. ஆன்ரிக்கும் கோவம் வந்திட்டுது, அம்மாவும் மகளும் ஒரே அச்சு என்று நிருபன் சிரித்தான். நான் என்னைத் தேடிப் பார்த்தேன். கோபம் எங்கேயும் இல்லை. பிணத்தைக் கழுவிய பிறகு கை கழுவத் தண்ணீர் தேடுவோமே, அது மட்டும் இருந்தது.

இறங்குதுறைக்கு வந்ததும், ட்ரக்கையும் ட்ரெய்லரையும் பின்னால் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அவன் மேட்டில் ஏறிப் போனான், விசிலடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை. நானும் சாரங்கியும் மரப்பாலத்தில் இருந்தோம். கால் மணித்தியாலம் இருக்கும், முன்னுக்கு இரண்டு போட் காத்திருந்தது. அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அந்த மனுசனைப் பற்றி இவளிடம் நான் ஒரு குறை சொன்னதில்லை, இவளுக்கு அவர் சாமி, செத்தவருடைய பேரில் இப்போது எப்படி. ஆனால் வாய் திறந்தபோது வந்தது வேறு. உம்முடைய எட்டாவது பிறந்தநாளுக்கு நான் ரோல்ஸ் தட்டை எறிந்தனான், ஞாபகமிருக்கோ என்று கேட்டேன். ஓம் என்றாள். அதற்கு முந்தி அப்பா மூன்று தரம் அந்தச் சிக்கின் கதையைச் சொன்னவர், அது ஞாபகமிருக்கோ. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

"இல்லையம்மா. எனக்குத் தட்டு மட்டும்தான் ஞாபகம்."

நான் கோபக்காரி இல்லைப் பிள்ளை என்றேன். ஐம்பத்தாறு வயதில் முதல் தரம் சொல்கிறேன், சொல்லும்போது எனக்கே பொய் சொல்கிற மாதிரி இருந்தது. அவள் தண்ணீரைப் பார்த்தாள். பாலத்துக்குக் கீழே ஆரோ விட்ட பியர்த் தகரம் ஒன்று மரத்தில் தட்டிக்கொண்டிருந்தது, எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாகக் கிடந்தது. பிறகு ஒரு கணக்குச் சரிபார்க்கிற மாதிரி, மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். "நிரு ஃபோனை எடுத்தது நான் கத்தின பிறகுதான் அம்மா. அந்த வீடியோவிலை நான் மட்டும்தான் இருப்பன்."

ட்ரக் பின்பக்கமாக இறங்கி வந்தது. போட்டை ஏற்றிக் கட்டினான், ஈரத் துணியால் மினுக்கத்தைத் துடைத்தான், தொலைந்த தடி நல்ல தடி என்றும் பரவாயில்லை என்றும் சொன்னான். சாரங்கி முன்கதவைத் திறக்கவில்லை, பின்னால் ஏறி என் பக்கத்தில் இருந்தாள். ஓகோ, நான் இண்டைக்கு டக்ஸி ட்ரைவரோ என்றான். பெருந்தெருவுக்கு வரும்வரைக்கும் அவன்தான் கதைத்தான். வாகனத்துக்குள் உள்ளியும் ஈரப் பாயும் சேர்ந்து மணந்தது, யன்னலைக் கொஞ்சம் இறக்கினேன். நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் சமாதானமாகிவிடுவாள் என்றும் பயம், ஆகாமல் விட்டால் அதற்குப் பிறகு என்ன என்றும் பயம், மண்டபம், கூறை, அவனுடைய தாய், செத்தவீட்டுக்கு வந்த அந்த முந்நூறு பேர். இதெல்லாம் பயப்படவேண்டிய விசயங்களா என்று நினைக்க என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்போதுதான் சாரங்கி பேசினாள். தெருவைப் பார்த்தபடி, யாரோ நேரம் கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலில்.

"நிரு, நான் உம்மைக் கட்டமாட்டன். வீட்டை போய் உம்மட அம்மாவுக்கு நானே கோல் எடுத்துச் சொல்லுறன்."

அவன் சிரித்தான். இப்பவும் கோவமோ என்று கேட்டான். இல்லை என்றாள். சரி, சொறி, சும்மா பகிடிக்குச் சொன்னது, வீடியோவை அழித்துவிடுகிறேன், இப்பவே அழிக்கிறேன் பாரும் என்றான். விரும்பினால் வைத்திரும் என்றாள். உமக்கு இரண்டாவது தரம் ஒருத்தன் கிடைப்பான் என்று நினைக்கிறீரோ என்று கேட்டான். கேட்டுவிட்டுக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன், பிறகு அவளுடைய கழுத்தைப் பார்த்தேன். சிவப்பு ஏறவில்லை. தெரியாது, பாப்பம் என்றாள். அவன் மறுபடி பார்த்தான், தெருவைப் பார்த்தான், மறுபடி பார்த்தான். உதட்டில் சிரிப்பு அப்படியே நின்றது, எடுக்க மறந்துபோன மாதிரி. கடைசியில் கண்ணாடியில் என்னைத் தேடினான்.

"ஆன்ரி, உங்கட மகளுக்குச் சரியான கோவம் போல. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

என் முகம் சிரிக்கப் பார்த்தது. நான் விடவில்லை.

"இல்லைத் தம்பி," என்றேன். "அவவுக்கு ஒரு கோவமும் இல்லை."

ஸ்காபரோவுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அவ்வளவு தூரத்துக்கும் அவனுக்கு என்ன கதைக்கிறதென்று தெரியவில்லை.